அவிட்டத்தில் அடைத்த அறை

என் வீட்டுக்காரர் இறந்தது அவிட்ட நட்சத்திரத்தில். உயிரோடு இருந்தவரைக்கும் எங்களை உட்காரவிடாத மனுஷன், போகிற போக்கிலும் ஒரு வேலை வைத்துவிட்டுத்தான் போனார். அவிட்டத்தில் செத்தால் ஆறு மாதம் அடைப்பு. உயிர் போன அறையைப் பூட்டிவிட வேண்டும். உள்ளே ஆள் புழங்கக் கூடாது. சாயங்காலமானால் பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு விளக்கு வைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் அந்த வீட்டில் அடுத்தடுத்து சாவு விழும் என்பார்கள். எங்கள் பக்கத்தில் இதை நம்பாதவர்கள்கூடப் பூட்டிவிடுவார்கள், எதற்கு வம்பு என்று.

அவர் செத்த அறை என் அறை. அவர் எப்போதும் கூடத்தில்தான் படுப்பார். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகுதான் அவரைக் கொண்டுவந்து என் கட்டிலில் போட்டார்கள். திண்டிவனத்தில் அந்த வீட்டைக் கட்டியபோது மனை மட்டும்தான் அவருடையது. செங்கல்லும் சிமெண்டும் துவக்கப் பள்ளி டீச்சராக இருந்த என் சம்பளத்தில் பிடித்த லோன். அதனால் தெருவைப் பார்த்த அறை எனக்கு வேண்டும் என்று கேட்டேன். அந்த வீட்டில் நான் வாய் திறந்து கேட்டு வாங்கியது அது ஒன்றுதான். இதை இப்போது விழுப்புரத்தில், ரயிலடிக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அதிலேயே முடிவு உங்களுக்குத் தெரிந்துபோயிருக்கும். தெரிந்தால் தெரியட்டும். எப்படி நடந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பிணம் வெளியே போன அன்றைக்குச் சாயங்காலமே மகன் பூட்டோடு வந்து நின்றான். எனக்கு ஒரே மகன். அவன் அப்பா வைத்த உரக்கடையை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான். கையில் இருந்தது கடை ஷட்டருக்குப் போடுகிற பெரிய பூட்டு. அதற்குள் மருமகள் என் புடவைகளை ஒரு கட்டைப்பையில் திணித்துக் கூடத்தில் வைத்துவிட்டாள்.

"ஆறு மாசம்தானே அத்தே. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப்போயிடும்" என்றாள்.

எனக்குக் கட்டில் போட்ட இடம் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கும் சந்து. தலைமாட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி, கால்மாட்டில் கிரைண்டர். குளியலறைக்குப் போகிறவர்கள் என் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போதெல்லாம் மருமகள் "சாரி அத்தே" என்பாள். சாரி சொல்லிவிட்டால் யார் காலை வேண்டுமானாலும் மிதிக்கலாம் என்று அவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

நான் தகராறு பண்ணவில்லை. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள்தான், பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவள்தான். ஆனால் நம்மால் மகன் தலையில் ஏதாவது வந்து விழுந்துவிட்டால் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஐப்பசியில் பூட்டினால் சித்திரையில் திறப்பார்கள், என் அறை எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்தேன். சாயங்காலமானால் விளக்கை ஏற்றி அந்தப் பூட்டுக்கு எதிரே வைத்துவிட்டு வருவேன். அவருக்காக வைத்தேன் என்று சொன்னால் பொய். அறை திரும்பி வர வேண்டுமே என்றுதான் வைத்தேன்.

தை முடிந்து வெயில் ஏற ஆரம்பித்தது. ஒருநாள் கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பினால், என் அறையின் வெளிச்சுவரில் ஏணி சாத்தியிருக்கிறது. கடையில் மூட்டை தூக்குகிற ஆட்கள் இரண்டு பேர், சுவரில் பதித்திருந்த ஜன்னல் ஏசியை வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவருக்குப் படுக்கைப் புண் வந்தபோது வாங்கிய ஏசி அது.

"அடைப்புல இருக்கிற ரூம்ல கை வைக்கலாமாடா" என்று மகனைக் கேட்டேன்.

"உள்ள யாரும்மா போனா? வெளியிலேர்ந்துதான இழுக்கறோம். அதும் இல்லாம சாமானுக்கு ஏதும்மா அடைப்பு?"

ஆக, தீட்டு எனக்குத்தான், ஏசிக்கு இல்லை. அது மாடியில் அவர்கள் அறைக்குப் போயிற்று. சுவரில் ஒரு சதுர ஓட்டை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. டிவி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, டேப் போட்டு ஒட்டினார்கள். நாலு செங்கல் வைத்துப் பூசிவிடேன் என்றேன். "இருக்கட்டும்மா, எப்படியும் அந்த இடத்துல வேலை இருக்கு" என்றான். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. மாசிக் காற்றில் அட்டை பிய்ந்து தெருவில் கிடந்தது. அதை எடுத்துத் திரும்ப ஒட்ட அந்த வீட்டில் ஒருவருக்கும் கை வரவில்லை.

அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்க ஆரம்பித்தது. விளக்கு வைக்கக் குனிந்தால், கதவுக்கு அந்தப் பக்கம் துணி உதறுகிற மாதிரி ஒரு படபடப்பு. நடுவில் கீச் கீச்சென்று. எலியாக இருக்கும் என்றான் மகன். எலி எப்போதடா துணி உதறுச்சு என்றேன். பிறகு நாற்றம் வந்தது. கதவுக்கடியிலிருந்து மூத்திர நாற்றம் குபீரென்று வரும். மருமகள் கூடத்தில் ரூம் ஸ்ப்ரே அடித்தாள், அவ்வளவுதான்.

சித்திரையில் அடைப்புத் திறக்கிற நாள் வந்தது. கெடாரிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, அவரைத் தூக்கி வளர்த்தவர், இப்போதும் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற மனுஷி. ஐயர் வந்து, வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றித் தானம் வாங்கிக்கொண்டு, பூட்டைத் திறக்கச் சொன்னார். மகன் திறந்தான்.

முதலில் இருட்டுதான் தெரிந்தது. கண் பழகின பிறகு பார்த்தால், ஃபேன் கம்பியில், பரணின் விளிம்பில், கர்ட்டன் ராடில் வரிசையாக வவ்வால்கள். பெரிய காதும் சாம்பல் நிற உடம்புமாக, ஒவ்வொன்றும் ஒரு கையகலம். என் மெத்தை முழுக்கப் புழுக்கை. நடுநடுவே தவளைக்கால், பல்லிவால், பூச்சிகளின் இறக்கை. அந்த ஜாதி வவ்வால் பழம் தின்னாது, ராத்திரி வேட்டையாடிக் கொண்டுவந்து, தொங்கிக்கொண்டே தின்றுவிட்டு மிச்சத்தைக் கீழே போடும். என் தலையணைதான் அவற்றுக்கு எச்சில் இலை.

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் அந்தப் புழுக்கை மேலேயே விழுந்து கும்பிட்டார்.

"தம்பீ... போவ மனசு இல்லாம இங்கியே தொங்கிக்கினு இருக்கியாடா" என்று ஒரே அழுகை.

நாற்பது வருஷம் அவரோடு குடித்தனம் செய்தவள் நான். ஒருநாள்கூட அவர் தலைகீழாகத் தொங்கி நான் பார்த்ததில்லை. அதை அப்படியே சொல்லியும் விட்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஐயர் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, வெண்கலக் கிண்ணத்தோடு ஜல்தியாகக் கிளம்பிப் போனார்.

மகன் முகத்தைப் பார்த்தேன். கவலைப்பட வேண்டிய முகம், ஆனால் அதில் ஏதோ பாரம் இறங்கின தெளிவு. "அத்த சொல்றதும் சரிதாம்மா. அப்பாதான் வந்திருக்காரு. நாம போயி வெரட்டக் கூடாது" என்றான். மருமகள் அதற்கு வேறு பக்கத்திலிருந்து முட்டுக் கொடுத்தாள். "வவ்வா இருந்த ரூம்ல படுத்தா நிபா வரும் அத்தே. போன்ல வீடியோ வருது பாருங்க." ஒருத்தனுக்கு அது அப்பா, ஒருத்திக்கு அது வியாதி. எது எப்படியோ, நான் உள்ளே போகக் கூடாது. பூட்டு திரும்பவும் விழுந்தது.

அடுத்த நாளே ஒரு சட்டியில் வேப்பிலையும் மிளகாயும் போட்டுப் புகை மூட்டி, அந்த ஓட்டைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். மகன் ஓடிவந்து சட்டியைக் காலால் தட்டிவிட்டான். "அப்பாவப் போயி மொளகா போட்டு வெரட்டுறியேம்மா, உனக்கு மனசு இருக்குதா இல்லியா" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினான். எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். புருஷன் செத்து ஆறு மாதத்தில் அவரையே புகை போட்டு விரட்டுகிறவள் என்று பேர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து சந்தில் படுத்தேன்.

அந்த வாரக் கடைசியில் ஒரு ஆட்டோவில் கண்ணாடி வந்தது. தெர்மாகோல் சுற்றிய ஆளுயரக் கண்ணாடி. வைக்க இடமில்லை என்று என் கட்டிலுக்கு எதிரே சாத்தினார்கள்.

"எதுக்கும்மா இது" என்று மருமகளைக் கேட்டேன்.

"பார்லருக்கு அத்தே. தெருப்பக்க ரூம் சும்மாதான கெடக்குது. ஏசி இருந்த ஓட்டைய அப்படியே கீழ எறக்குனா டோர் வந்துரும்னு மேஸ்திரி சொன்னாரு."

"வவ்வாலு இருக்குதே."

"அதெல்லாம் ஆள் வெச்சு எடுத்துரலாம் அத்தே."

"அது என் வீட்டுக்காரராச்சே" என்றேன்.

அவள் கண்ணாடியில் தெர்மாகோல் கிழிந்த ஒரு கையகலத்தில் பொட்டைச் சரிபண்ணிக்கொண்டு போய்விட்டாள். ராத்திரி சாப்பாட்டின்போது மகன் மெதுவாக ஆரம்பித்தான். வானூர் பக்கம் ஒரு ஹோம் இருக்கிறதாம். பாண்டிச்சேரி டாக்டர் வந்து பார்க்கிறாராம். உன் வயசுக்காரங்க நிறைய பேர், உனக்கும் பேச்சுத்துணை ஆச்சு என்றான். சந்தில் எத்தனை நாளம்மா கஷ்டப்படுவே என்று வேறு கேட்டான். என்னைச் சந்தில் போட்டது யாரோ மூன்றாம் மனுஷன் என்கிற மாதிரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அறையை விட்டால் வீட்டையும் விட்ட மாதிரி.

மறுநாள் அவன் கடைக்குப் போனதும், ஃப்ரிட்ஜ் மேலிருந்த சாவியை எடுத்தேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டேன். மெத்தையைச் சுருட்டித் தெருவில் போட்டேன், கட்டிலைப் பினாயில் ஊற்றித் துடைத்தேன். உர மூட்டைகளுக்குப் போர்த்துகிற தார்ப்பாய் ஒன்று வீட்டில் கிடந்தது. கட்டில் காலில் குச்சி கட்டி, கொசுவலை மாட்டுகிற மாதிரி அதை மேலே கட்டினேன். வவ்வால்கள் இரண்டு முறை புரண்டு தொங்கின, பிறகு என்னைச் சட்டை செய்யவில்லை. பாயை விரித்து உட்கார்ந்தேன்.

மத்தியானம் மகன் வந்து வாசற்படியில் நின்றான். "என்னம்மா இது பேஜாரு."

"அப்பா வந்திருக்காருன்னு நீதானடா சொன்ன. அவர தனியா விட எனக்கு மனசு வரல. நான் அவரோடவே இருந்துட்டுப் போறேன்."

"அத்தே, நிபா வரும் அத்தே" என்றாள் மருமகள், அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"உன் மாமனார்தானம்மா. எனக்கா குடுப்பாரு" என்றேன்.

அவன் போட்ட முடிச்சிலேயே அவன் கழுத்தை வைத்து இறுக்கிவிட்டேன். அதோடு விட்டேனா, கெடாருக்கு போன் போட்டு நாத்தனாரை வரவழைத்தேன். அவர் ஒரு பை மல்லாட்டையோடு வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுவிட்டார். அவர் வாயில் விழுந்த செய்தி அன்றைக்கே தெருக்கோடி வரை போயிற்று. அப்புறம் பொம்பளைகள் கற்பூரமும் வாழைப்பழமுமாக வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களுக்கு மருமகள் டீ போட வேண்டியிருந்தது. வவ்வால்கள் வாழைப்பழத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. நானும் நாத்தனாரும் உரித்துத் தின்றோம். சும்மா சொல்லக் கூடாது, அவர் செத்த பிறகு நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவைதான்.

ஃபேன் கம்பியில் தொங்கிய ஒரு வவ்வாலுக்கு இடது இறக்கை சரியாக மடங்காது. மற்றவை எல்லாம் குடையை மடக்கின மாதிரி இரண்டு பக்கமும் இழுத்துச் சுருட்டிக்கொண்டு தொங்கும்போது, அதற்கு மட்டும் இடது பக்கம் கொஞ்சம் விலகியே நிற்கும். என் வீட்டுக்காரர் இடது கைக்காரர். சாப்பிட மட்டும் வலது கை, அடிக்க இடது கை. பக்கவாதத்தில் விழுந்ததும் அதே கைதான். ஒருநாள் வந்திருந்த பொம்பளைகளிடம் அந்த வவ்வாலைக் காட்டினேன். "பாருங்க, இடது கை மடக்க முடியல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் முதலில் அந்தக் கையைத்தான் கேட்டார்கள்.

மகன் அறைக்குள் வருவதில்லை. வாசற்படியில் நின்று பேசிவிட்டுப் போவான். இடது கை சேதி கேட்ட பிறகு அதுவும் குறைந்தது. சின்ன வயதில் அவன் அப்பா கையை ஓங்கினால் ஓடிவந்து என் கட்டிலுக்கடியில்தான் ஒளிவான், இதே கட்டில். அவர் அந்த இடது கையை உள்ளே விட்டு இழுப்பார். ஒருநாள் சாயங்காலம் படியில் நின்றுகொண்டு, "அது மட்டும் ஏம்மா என்னையே பாக்குது" என்று கேட்டான். நாற்பது வயதை நெருங்குகிறவன், படியை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

"உன்னத்தான் பாக்கறாரு. கடைய ஒழுங்கா பாத்துக்கறியான்னு கேக்கறாரு போல" என்றேன்.

என் வாய் அப்படி. அவன் என்னை வானூருக்கு அனுப்பப் பார்த்தவன், எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை. முகம் செத்துப்போய்த் திரும்பிப் போனான்.

அது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை பகலில். நான் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். நாத்தனார் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தொப் தொப்பென்று சத்தம் கேட்டது. நடுவில் கீச்சொலி, ஒன்றின் மேல் ஒன்றாக. ஈரத்தலையோடு புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

ஏசி ஓட்டையில் மகன் ஒரு காலி உரச் சாக்கைத் திணித்து அடைத்திருந்தான். டியூப் லைட் எரிந்தது. கையில் ஷட்டில் பேட். வெளிச்சத்தில் வழி தெரியாமல் வவ்வால்கள் சுவரில் மோதி மோதித் திரும்ப, அவன் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தான். தார்ப்பாயின் மேல் விழுந்ததைத் தார்ப்பாயோடு அடித்தான். தரையில் ஊர்ந்து போனதைச் செருப்புக் காலால் மிதித்தான். மருமகள் கூடத்தில் நின்று, "அந்த மூலையில ஒண்ணு, பரண்மேல ஒண்ணு" என்று கைகாட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் ஓடிவந்து வாசலைப் பிடித்துக்கொண்டு அலறினார். நான் அவன் கையைப் பிடித்தேன். என்னை உதறிவிட்டான், சுவரில் போய் விழுந்தேன்.

கடைசியாக அந்த இடது இறக்கைக்காரனைத்தான் அடித்தான். அது தரையில் விழுந்த பிறகும் விடவில்லை. "போடா, போய்த் தொலைடா. செத்தும் உயிர வாங்குறியே. இன்னும் எத்தன வருஷம்டா" என்று சொல்லிச் சொல்லி அடித்தான். பேட்டின் நரம்பு அறுந்து தொங்கியது. உயிரோடு இருந்த அப்பாவை ஒருநாள்கூட அவன் நிமிர்ந்து பார்த்ததில்லை. டா போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அவன் ஓய்ந்த பிறகு குனிந்து பார்த்தேன். அந்த இடது இறக்கை ஏன் மடங்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இறக்கைக்கு அடியில், வயிற்றைக் கவ்விக்கொண்டு ஒரு குட்டி. உரோமம்கூட முளைக்காத, ஒரு கட்டைவிரல் அளவுக் குட்டி. தாய் செத்துவிட்டது, குட்டி செத்திருக்கவில்லை. இத்தனை நாள் தெருவே என் வீட்டுக்காரர் என்று கும்பிட்டது பால் கொடுக்கிற ஒரு பெட்டையை.

நாத்தனார் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். "பெத்த அப்பன அடிச்சே கொன்னுட்டியேடா. கை காலு வராதவன அடிச்சியேடா." மகன் பேட்டைப் பிடித்தபடி நின்று அழுதான். மருமகள் ஒருத்திதான் அழவில்லை. அவள் நிதானமாகக் கூடத்துக்குப் போனாள். அங்கே தினசரி காலண்டர் மாட்டியிருக்கும். அதன் முன்னால் நின்று விரலை வைத்துப் படித்துவிட்டு நாத்தனாரிடம் சொன்னாள்.

"இன்னைக்கு சதயம் பெரியம்மா."

நாத்தனாரின் ஒப்பாரி நின்றது. "சதயமா" என்றார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவிட்டத்துக்கு அடுத்த நட்சத்திரம். அதுக்கும் ஆறு மாசம்தான். அடைச்சுத்தான் ஆவணும்."

"அண்ணி, அது வவ்வாலுங்க. பொட்ட வவ்வாலு. இங்க வந்து பாருங்க, குட்டி வெச்சிருக்குது" என்றேன்.

"இப்ப வந்து வவ்வாலுன்னா எப்படிம்மா. கையப் பாத்து அடையாளம் சொன்னதே நீதானே. தெருவே வந்து கும்புட்டுதே."

"நான் சும்மா சொன்னேன் அண்ணி. இந்த ரூமு போயிடக் கூடாதுன்னு சொன்னேன்."

"செத்தவன வெச்சு யாராச்சும் சும்மா சொல்வாங்களா" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த மனுஷி நல்லவர். எனக்காகக் கெடாரிலிருந்து வந்து, புழுக்கை நாற்றத்தில் பாய் போட்டுப் படுத்தவர். அவர் பயமெல்லாம் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழக் கூடாது என்பதுதான். அதனால் அவர் சொன்னதை என்னால் எதிர்க்க முடியவில்லை. மருமகள் சொல்லியிருந்தால் கிழித்திருப்பேன்.

கட்டிலில் ஏறி உட்கார்ந்தேன். "அடைக்கறதுன்னா அடைங்க. நான் எழுந்திரிக்க மாட்டேன்" என்றேன்.

இழுத்துப் பார்ப்பார்கள், கெஞ்சுவார்கள், ராத்திரிக்குள் வழிக்கு வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். பெற்றவளை உள்ளே வைத்து எந்தப் பிள்ளையும் பூட்ட மாட்டான் என்று அவ்வளவு நிச்சயம் எனக்கு. மகன் அந்த ஷட்டர் பூட்டை எடுத்துக்கொண்டு வந்தான். என்னைப் பார்க்கவில்லை, தரையில் கிடந்ததைப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். கதவை இழுத்துச் சாத்தினான். பூட்டு விழுகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்தான், இந்தப் பக்கத்திலிருந்து கேட்டதில்லை, அவ்வளவுதான்.

எதிர்வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்ட பிறகு திறந்தான். திறந்தபோது நான் கட்டைப்பையோடு நின்றிருந்தேன். விழுப்புரம் பஸ் ஏறினேன். வானூருக்கு அவன் அனுப்புவதற்கு முன் நானே போய்விட்டேன், அதை வேண்டுமானால் வெற்றி என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது அந்த அறையில் பார்லர் நடக்கிறது. ஆறு மாதம் ஆவதற்கு முன்பே சுவரை இடித்துக் கதவு வைத்துவிட்டார்களாம். வெளியிலிருந்துதானே இடித்தார்கள், தப்பில்லை.

ஆனால் அந்தப் பூட்டு விழுந்த பிறகு நான் உள்ளே உட்கார்ந்திருந்த நேரம் ஒன்று இருக்கிறதே. சாக்கு அடைத்த ஓட்டை, காலைக் கீழே வைக்க இடமில்லாத தரை. குட்டி இன்னும் தாயின் வயிற்றை முட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை. வெளியே பொழுது சாய்ந்திருக்க வேண்டும். தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. கதவுக்கடியில் மஞ்சளாக ஒரு கோடு வெளிச்சம் உள்ளே வந்தது. விளக்கு வைத்துவிட்டார்கள். யாரோ தரையில் விழுந்து கும்பிட்டதில் அந்தக் கோடு ஒரு தரம் மறைந்து திரும்ப வந்தது. "மன்னிச்சிடுப்பா" என்று மகன் குரல் கேட்டது. நான் இருமினேன். வேண்டுமென்றே இன்னொரு தரம் இருமினேன்.

"எண்ண போதுமா பெரியம்மா" என்று மருமகள் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா. ராத்திரி வரைக்கும் எரியணும்" என்றார் நாத்தனார்.